வண்டியை உயர்த்துவதற்கு முன்

தோவாளைப் பூவும் வடசேரிச் சந்தைக் காய்கறியும் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை வந்து சேர்கின்றன. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் தோன்றிய அக்கடைத்தெருவுக்கு அன்று மாட்டு வண்டி எப்படியோ, இன்று பிக்கப் வண்டி அப்படி. நம் குடும்பங்கள் பலவற்றில் அதுவே முதல், அதுவே தொழில். மகளின் திருமணமும் மகனின் படிப்பும் அதன் சக்கரங்களை நம்பியே இருக்கின்றன. ஆகையால் அவ்வண்டியில் செய்யும் எந்த மாற்றமும் வீட்டார் அனைவரும் கலந்து முடிவு செய்ய வேண்டிய காரியமாகும்.

அண்மைக் காலத்தில் இளைஞர்களிடையே ஓர் ஆவல் பரவி வருகிறது. ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியின் உடலைச் சக்கரங்களுக்கு மேல் இரண்டு அங்குலமோ நான்கு அங்குலமோ உயர்த்திவிட வேண்டும் என்பதே அது. பட்டறை வழக்கில் இதற்கு 'லிஃப்ட்' என்று பெயர். 2016-ஆம் ஆண்டில் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியும், 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியும் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தன. அவற்றின் நிமிர்ந்த தோற்றத்தைப் பார்த்தவர்கள் தம் சிறு வண்டியும் அவ்வாறு நிற்க வேண்டும் என விரும்புவது இயல்பே. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளமும் மறக்கக்கூடியதன்று. பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, செங்கன்னூர்ப் பகுதியில் மக்களை மீட்டதை நாடறியும். தாழ்ந்த கார்கள் நின்றுவிட்ட நீரில் உயர்ந்த வண்டிகள் சென்றதைக் கண்டவர் மனத்தில், உயரமே பாதுகாப்பு என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. அவ்வெண்ணத்தில் மெய் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

உயர்வது எது?

பிக்கப் வண்டியின் பின்புறத்தில் பொதுவாக ஒரே கட்டையான அச்சும், அதன்மேல் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கும் இருக்கும். பாதையில் கல்லோ மேடோ இருந்தால் முதலில் இடிபடுவது அந்த அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரக் கூண்டுதான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அக்கூண்டு ஓர் இழையளவும் உயராது. அச்சுக்கு மேலுள்ள உடல் மட்டுமே உயரும். கூண்டை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே இயலும். அதுவும் டயரின் குறுக்களவு 50 மில்லிமீட்டர் கூடினால் அச்சு 25 மில்லிமீட்டர்தான் எழும். அத்துடன் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். பல்லாயிரம் ரூபாய் செலவிட்டு லிஃப்ட் செய்த பின்னரும் பழைய கல்லிலேயே வண்டி இடிப்பதன் காரணம் இதுவே.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். தேங்கிய நீர் வேறு, ஓடும் நீர் வேறு. இரண்டடி ஆழத்தில் விரைந்தோடும் நீர் கனத்த வண்டிகளையும் அடித்துச் செல்ல வல்லது என்பது வானிலைத் துறையினர் பல நாடுகளில் விடுக்கும் எச்சரிக்கை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவும் வண்டியின் எல்லையாகும். அவ்வாய்க்குள் நீர் புகுந்தால் எஞ்சினே பாழாகிவிடும்.

உயர்த்துவதால் இழப்பது எது?

முதலாவது, நிலை. ஒரு வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. அகலம் எனவும், அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் உள்ளது எனவும் கொள்வோம். அரை அகலமும் மைய உயரமும் சமம். மையம் 10 செ.மீ. உயர்ந்தால், கவிழாமல் நிற்கும் ஆற்றலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைந்துவிடும். அதன்மேல் கூடைகளை அடுக்கினால் மையம் இன்னும் ஏறும். பொன்முடி மலைப்பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அங்கே ஒவ்வொரு வளைவும் இந்தக் கணக்கைச் சரிபார்க்கும்.

இரண்டாவது, பிரேக். இதைப் பலர் அறிவதில்லை. சுமை வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு சிறு நெம்புகோல் இணைந்திருக்கும். சுமை ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், வெற்று வண்டியில் குறைப்பதும் அதன் வேலை. உடலை உயர்த்திவிட்டு நெம்புகோலைத் திருத்தாமல் விட்டால், முழுச் சுமை இருக்கும்போதும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே அது கருதும்; பின் பிரேக் தளர்ந்தே பிடிக்கும். ரயில்வேயில் பணியாற்றும் நமக்கு இது எளிதில் விளங்கும். சரக்கு வாகன்களில் 'எம்ப்டி', 'லோட்' என இரு நிலைகள் கொண்ட கைப்பிடி ஒன்று உண்டு. சுமைக்கு ஏற்ற நிலையில் அது இல்லையெனில் பிரேக்கின் கணக்கே பிழைத்துவிடும். ரயில்வேயில் உயரமும் வரம்புக்கு உட்பட்டதே. அகல ரயில் பாதையில் பஃபரின் உயரம் வெற்று வண்டியில் 1105 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. சுமை ஏறிய வண்டியில் 1030 மில்லிமீட்டருக்குக் கீழாகலாகாது.

மூன்றாவது, இணைப்புகள். உடல் உயரும்போது பின் அச்சுக்குச் செல்லும் சுழல் தண்டின் சாய்வு மாறும்; அதனால் அதிர்வு தோன்றும்; மூட்டுகள் விரைவில் தேயும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடலாம். முகவிளக்கு மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். முன் சக்கரங்களின் நேர்மை கெட்டு டயர் ஒருபுறமாகத் தேயும்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரண்படுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. இப்பிரிவு குறித்துக் கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கேரள உயர் நீதிமன்றம் சில மாற்றங்களுக்கு இடம் தந்திருந்தது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதற்கு இடமில்லை என்று தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு செய்த சட்டத் திருத்தத்தில் 182-ஏ என்னும் பிரிவு மாற்றியமைக்கப்பட்டது. அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க அது வகை செய்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கோரிக்கையிலும் தகராறு எழ இடமுண்டு. பிழைப்புக்காக ஓடும் வண்டி வழக்கில் சிக்கி நின்றால் அடுப்பும் அணையும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனின், செய்யத்தக்கது யாது?

வண்டி தாழ்ந்திருப்பதாகத் தோன்றினால் முதலில் அளந்து பார்க்க வேண்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும், சுமையின்றி ஒருமுறையும் வழக்கமான சுமையோடு ஒருமுறையும் அளந்து எழுதிக்கொள்க. இடப்புறமும் வலப்புறமும் ஒவ்வாதிருந்தாலோ, புதிய வண்டியின் அளவைவிடக் குறைந்திருந்தாலோ, குற்றம் தளர்ந்த ஸ்பிரிங்கினுடையது. தயாரிப்பாளர் குறித்த அதே தரத்தில் புதிய பட்டைகளும் ஷாக் அப்சார்பர்களும் பொருத்தினால் இழந்த உயரம் மீளும். உயரம் வேண்டுவோர் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தப் பழுதுபார்ப்பே.

சுமை ஏறியதும் பின்புறம் அமிழ்ந்தால், பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையோடு எடைமேடைச் சீட்டை ஒப்பிடுக. எடை மிகுந்திருப்பின் மருந்து, சுமையைக் குறைப்பதே. பட்டைகளைக் கூட்டினால் சுமையின்றித் திரும்பும்போது பின்புறம் துள்ளி, மழை ஈரத்தில் சக்கரம் பிடிமானம் இழக்கும். தோட்டப் பாதைகளில் நாள்தோறும் செல்வோர், தொழிற்சாலையிலேயே உயரமாகவும் நான்கு சக்கர இயக்கத்தோடும் உருவாகிய வகையை அடுத்த முறை வாங்குவதே நேர்வழி.

வளைகுடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் நம் பிள்ளைகள் கேட்கலாம்: "இங்கே லிஃப்ட் செய்ய அனுமதி உண்டே, எதைத் தேர்ந்தெடுப்பது?" அவ்வந்நாட்டு விதியை முதலில் எழுத்தில் பெறுக, ஆஸ்திரேலிய மாநிலங்களில் குறித்த அளவுக்கு மேற்பட்ட உயர்வுக்குப் பொறியாளரின் சான்று வேண்டும். பின்னர், எப்போதும் ஏற்றும் சுமையைக் கணித்து அதற்கேற்ற ஸ்பிரிங்கைத் தேர்க. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றற்கொன்று பொருந்திய முழுத்தொகுதியாக வாங்குக. 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை உயர்த்துவதோடு நிறைவு கொள்க. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக்கட்டை வைத்து உயர்த்துவது மலிவு. ஆயின் பிரேக் பிடிக்கையில் அச்சை முறுக்கும் விசை மிகும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டை வைப்பதும், முன் அச்சில் வைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். வேலை முடிந்ததும் பிரேக் நெம்புகோல், பிரேக் குழாய், சக்கர நேர்மை, முகவிளக்கு ஆகிய நான்கையும் சரிபார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

பட்டறைக்காரரிடம் எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன், எதற்காக என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். தோற்றத்துக்காக என்பது விடையானால் அப்பணம் நல்ல டயருக்கும் புதிய பிரேக் கட்டைகளுக்கும் செல்லட்டும். வண்டி ஓர் அங்குலம் தாழ்ந்து நிற்பதால் குடும்பத்துக்கு இழுக்கில்லை; அது பத்திரமாக வீடு திரும்புவதே நமக்கு வேண்டுவது.