ஹார்ட் டிஸ்க் வரவில்லையா? ஃபார்மட் பொத்தானைத் தொடாதீர்கள்

“எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் டிடெக்ட் ஆகலை” என்பது “உடம்புக்கு முடியலை” என்பதைப் போன்ற புகார். ஜலதோஷமா, எலும்பு முறிவா என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கேபிளை மாற்றினால் தீரும் கோளாறும் அதற்குள் அடக்கம்; தூசியில்லாத ஆய்வறையில் மூடியைத் திறந்தே ஆக வேண்டிய கோளாறும் அடக்கம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: கல்யாண வீடியோவும் பத்து வருடக் குடும்பப் படங்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இராது.

டிஸ்க் கெட்டதால் தொலைந்த தரவைவிட, கெட்டுவிட்டதென்று பதறி எதையோ அழுத்தியதால் தொலைந்த தரவே அதிகம் என்று எனக்குத் தோன்றும். செருகிய நொடியிலிருந்து உள்ளே என்ன நடக்கிறது, எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று தெரிந்துகொண்டால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

கையடக்க டிஸ்கின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பது, பழைய லேப்டாப்புகளில் இருந்த அதே இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்தான். கூடவே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. டிஸ்க் பேசுவது சாட்டா முறையில். கம்ப்யூட்டருக்குப் புரிவது யு.எஸ்.பி. முறை. நடுவில் நின்று மாற்றிக் கொடுக்கும் அந்தப் போர்டை ‘பிரிட்ஜ்’ என்பார்கள். டிஸ்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கின்றன. தட்டின் விளிம்பு ஓடும் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அந்தப் பரப்புக்குச் சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதந்தபடி படிக்கிறது ஹெட். தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். சிகரெட் புகையின் துகள்கூட அந்த இடைவெளிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது.

உள்ளே வெற்றிடம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காற்றுதான் ஹெட்டைத் தாங்குகிறது. தட்டு சுழலும்போது கூடவே இழுபடும் காற்று மெத்தையாகி ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. டிஸ்கின் மேல்மூடியில் ஒரு சிறு துளையும், அதை மூடக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே, வெளியே காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் துளை அது, அடியில் வடிகட்டியும் உண்டு. மின்சாரம் திடீரென நின்றால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து ஹெட்டைப் பக்கத்து மேடையில் ஏற்றி நிறுத்திவிடும் ஏற்பாடும் இருக்கிறது. கேபிளைப் பிடுங்கியதும் ‘டக்’ என்று கேட்பது அதுதான்.

1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன், கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. அங்கிருந்து சட்டைப்பை டெராபைட்டுக்கு வந்து சேர்ந்ததில், ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் 1988-ல் கண்டறிந்த மாபெரும் காந்தத்தடை விளைவுக்குப் பெரும் பங்கு உண்டு. மிக மெல்லிய காந்தச் சுவடையும் படிக்கும் ஹெட்டுகள் அதிலிருந்து பிறந்தன. 2007-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. 

சரி, செருகுகிறோம். முதலில் போக வேண்டியது மின்சாரம். யு.எஸ்.பி. 2 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர், யு.எஸ்.பி. 3 தர வேண்டியது 900. நின்றுகிடக்கும் தட்டைச் சுழலவைக்கும் முதல் சில நொடிகளில் டிஸ்க் இதைத் தாண்டியும் கேட்கும். விளக்கு மட்டும் எரிந்து டிஸ்க் வராமல் போவதற்கு இதுவே அடிக்கடி காரணம். விளக்குக்குச் சொற்ப மின்சாரம் போதும், மோட்டாருக்குப் போதாது. ஆகவே அடாப்டர் இல்லாத யு.எஸ்.பி. ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். டெஸ்க்டாப்பாக இருந்தால் முன்பக்க போர்ட் வேண்டாம். அது கேபினட்டுக்குள் ஒரு நீள ஒயர் வழியாக வருவது. பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே இருக்கின்றன.

மேசையில் வைக்கும் மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்குகளுக்குத் தனி அடாப்டர் உண்டு, பொதுவாக 12 வோல்ட். இதில் ஓர் ஆபத்து: லேப்டாப் அடாப்டரின் முனை சில நேரம் இதிலும் பொருந்திவிடும். அது பெரும்பாலும் 19 வோல்ட் தருவது. மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகாதீர்கள்.

அடுத்து கேபிள். கையடக்க டிஸ்குகள் பலவற்றில் இருப்பது அகலமான, இரண்டு துண்டாகப் பிரிந்த தட்டைச் சாக்கெட். அதன் பெரிய பாதி பழைய யு.எஸ்.பி. 2-க்கான ஊசிகளைக் கொண்டது; சிறிய பாதியில் யு.எஸ்.பி. 3-க்குக் கூடுதலாகத் தேவைப்படும் ஊசிகள் இருக்கின்றன. பைக்குள் போட்டு எடுத்து, தொங்கவிட்டு, வளைத்து, இந்தச் சாக்கெட்தான் முதலில் தளர்கிறது. சோதிக்க ஓர் எளிய வழி உண்டு, பலருக்குத் தெரியாது. பழைய ஆண்ட்ராய்டு போனின் மைக்ரோ யு.எஸ்.பி. கேபிள் இந்தச் சாக்கெட்டின் பெரிய பாதியில் அப்படியே பொருந்தும். டிஸ்க் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். போன் கேபிளில் வந்துவிட்டால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, பழைய கேபிளோ சாக்கெட்டின் மறுபாதியோதான் குற்றவாளி. ஒன்று மட்டும் கவனம்: சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் மலிவான கேபிள்களில் தரவுக்கான கம்பியே இராது. போன் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் பயன்பட்ட கேபிளாகப் பாருங்கள்.

அனுபவப்பட்ட மெக்கானிக் திரையைப் பார்ப்பதற்கு முன்பே டிஸ்க் மீது விரல் வைத்துப் பார்ப்பார். சுழல்கிறதா என்பதை அந்த மெல்லிய அதிர்வு சொல்லிவிடும். நீங்களும் செய்யலாம். ஆனால் ஓடும் டிஸ்கைத் தூக்கிக் காதில் வைக்காதீர்கள். அது மேசையிலேயே கிடக்கட்டும், நீங்கள் குனியுங்கள்.

சீரான மெல்லிய ஓசை கேட்டால் நல்ல செய்தி. மோட்டார் ஓடுகிறது, சிக்கல் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பக்கமோ கோப்பு அமைப்பிலோ இருக்கும். விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தான் மேல் வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து பாருங்கள். மை கம்ப்யூட்டரில் காட்டாத டிஸ்கும் இங்கே தெரியும். வெறுமனே டிரைவ் எழுத்து கிடைக்காமல் நின்றிருக்கலாம். அலுவலக நெட்வொர்க் டிரைவ் ஒன்று அதே எழுத்தைப் பிடித்து வைத்திருக்கும். வலது கிளிக் செய்து வேறு எழுத்து கொடுத்தால் போதும். ‘ஆஃப்லைன்’ என்றிருந்தால் அங்கேயே ‘ஆன்லைன்’ ஆக்கலாம். இவை இரண்டும் தரவைத் தொடாத வேலைகள், பயமில்லாமல் செய்யலாம்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. “டிஸ்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?” என்று விண்டோஸ் கேட்கும். அல்லது ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லும். கேட்கும் தொனி ஏதோ உதவி செய்ய வந்ததுபோல இருக்கும். உண்மையில் அதற்குத் தெரிந்ததெல்லாம், எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் இந்த டிஸ்கின் அட்டவணையைப் படிக்கத் தெரியவில்லை என்பது மட்டும். கேன்சல் கொடுத்துவிடுங்கள். ‘குவிக் ஃபார்மட்’ என்றால் அட்டவணைதான் புதிதாக எழுதப்படும், பழைய தரவில் பெரும்பகுதி மீளக்கூடும். அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுக்கச் சுழியங்களை எழுதுகிறது. அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அட்டவணை படிக்கத் தெரியாமல் போவதற்கு டிஸ்க் கெட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர் மேக் கம்ப்யூட்டரில் எடிட் செய்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுத்த டிஸ்க் ஆப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ். அமைப்பில் இருந்தால், உங்கள் விண்டோஸ் லேப்டாப்புக்கு அது வெற்றுப் பாத்திரம்தான். லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்புக்கும் அதே கதி. ஸ்டுடியோக்காரரின் அந்த டிஸ்கை மேக்கில் செருகினால் எல்லாப் படமும் வரும். எதிர்ப்பக்கம் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை: விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். டிஸ்கை மேக் படிக்கும், எழுதத்தான் செய்யாது. இரண்டிலும் தடையில்லாமல் ஓட வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் அமைப்பில் கேட்டு வாங்குங்கள். ஃபேட்32-ல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, கல்யாண வீடியோவுக்கு அது உதவாது.

டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘ரா’ என்று காட்டுவது, முன்பு படிக்க முடிந்த அட்டவணை இப்போது குலைந்துவிட்டது என்பதன் அடையாளம். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் இப்படி ஆகும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் டிஸ்கில் எழுதும் முறை இயல்பாக்கப்பட்டது. ஆபத்து குறைந்ததே தவிர நீங்கவில்லை. காப்பி ஓடிக்கொண்டிருக்கையில் பிடுங்கினால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது.

இங்கேதான் இணையத்தில் எல்லோரும் ‘செக்டிஸ்க்’ ஓட்டச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. செக்டிஸ்கின் நோக்கம் கோப்பு அமைப்பை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. உங்கள் படங்களைக் காப்பது அதன் கவலை அல்ல. ஒழுங்குக்கு இடைஞ்சலாக இருப்பதை வெட்டி எறியவும் தயங்காது. டிஸ்கே நலிந்திருந்தால், அந்த உழைப்பிலேயே அது சாகவும் கூடும். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் ‘ஸ்மார்ட்’ பதிவைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள் எத்தனை, படிக்க முடியாமல் காத்திருப்பவை எத்தனை என்று டிஸ்க் தானே எழுதி வைத்திருக்கும். இரண்டாவது எண் சுழியமாக இல்லாவிட்டால் சோதனையெல்லாம் போதும், உடனே காப்பி எடுக்க வேண்டும். லினக்ஸில் ஓடும் டி.டி.ரெஸ்க்யூ இதற்கென்றே ஆனது: நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். அந்த நகலின் மீதுதான் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்களை ஓட்ட வேண்டும். மீட்ட கோப்புகளை அதே டிஸ்கில் சேமிப்பதைப் போன்ற தற்கொலை வேறில்லை.

இனி கெட்ட ஓசைகள். விட்டுவிட்டு ‘பீப்’ என்று மெல்ல முனகினால், மோட்டார் சுழல முயன்று தோற்கிறது. மின்சாரம் போதாமல் இருக்கலாம். வேறு போர்ட்டில் ஒருமுறை பார்க்கலாம். அங்கும் அப்படியே என்றால் ஹெட் மேடைக்குப் போகாமல் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

சீரான இடைவெளியில் ‘டிக்… டிக்…’ என்று கேட்டால் கேபிளைக் கழற்றிவிடுங்கள். டிஸ்க் தன்னை இயக்கும் மென்பொருளின் ஒரு பகுதியைத் தட்டிலேயே ஒரு மறைவிடத்தில் வைத்திருக்கிறது. விழித்ததும் ஹெட் முதலில் தேடிப்போவது அதைத்தான். ஹெட் சேதமானால் தடம் தெரியாமல் அலைந்து, எல்லையில் முட்டி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். கேட்பது அந்த முட்டல். ஒவ்வொரு முயற்சியிலும் உடைந்த ஹெட் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும், அப்படித் தூளாகப் போன தரவு எந்த ஆய்வகத்துக்கும் எட்டாது. ஓடும்போது கீழே விழுந்த டிஸ்குகளுக்குப் பெரும்பாலும் இதுதான் நேர்கிறது.

ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு வைத்தியம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். சில நானோமீட்டர் இடைவெளியில் ஓடும் ஹெட்டுக்கு ஒரு பனித்துளி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மாடல் டிஸ்கின் போர்டைக் கழற்றி இதில் மாட்டுவதும் பழைய காலத்து உத்தி. இப்போது ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய தனி அளவீடுகள் அதன் போர்டிலுள்ள சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றினால்தான் பயன். கூட்டைப் பிரித்து டிஸ்கை மட்டும் வேறு பெட்டியில் போடுவது சில நேரம் பலிக்கும், பிரிட்ஜ் மட்டும் கெட்டிருந்தால். ஆனால் சில மாடல்களில் யு.எஸ்.பி. சாக்கெட் டிஸ்கின் போர்டிலேயே இருக்கும், சாட்டா முனையே கிடையாது. வேறு சில மாடல்கள், நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும், தரவைச் சங்கேதமாக்கித்தான் எழுதும். அந்தப் போர்டு இல்லாமல் உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்.

எஸ்.எஸ்.டி. வகை எக்ஸ்டெர்னல் டிஸ்குகளுக்கு இந்த ஓசைக் கணக்கு பொருந்தாது. அவற்றில் சுழல்வது எதுவும் இல்லை, சாகும்போதும் சத்தமில்லாமல் சாகும்.

கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் டிஸ்க் எங்கே விழுந்தது, என்ன ஓசை கேட்டது, அதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். “டேட்டாதான் வேண்டும், டிஸ்க் போனால் போகட்டும்” என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் டிஸ்கை ஓடவைப்பதுதான் வேலை என்று நினைத்து ஃபார்மட் செய்து ‘சரியாகிவிட்டது’ என்று கையில் கொடுப்பவர்கள் உண்டு. வாரன்டியில் அனுப்ப நினைத்தால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். நிறுவனம் திருப்பித் தருவது பெரும்பாலும் வேறொரு டிஸ்க். உங்கள் படங்கள் இருந்தது பழைய டிஸ்கில், அது திரும்பி வராது.