ஐந்தாவது எதிரிக்கு ஜாமீன் எப்போது?

பத்திர மோசடி வழக்குகள் எடுக்கப்படும் நாட்களில் பெங்களூர் கோர்ட்டு வராந்தாவில் இரண்டு விதமான உறவினர்களைக் காணலாம். ஒரு பக்கம் காரில் வந்து இறங்கியவர்கள். வக்கீல், குமாஸ்தா, ஜாமீன்தாரர் எல்லாம் அவர்களுக்குத் தயார். மறுபக்கம் சேலத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ இரவு பஸ்ஸில் வந்தவர்கள். கையில் ரேஷன் கார்டும், ஊர் நிலத்தின் பட்டா நகலும் இருக்கும். "சாட்சிக் கையெழுத்துத்தானே போட்டார், அதற்கா ஜெயில்?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

நியாயமான கேள்விதான். பதில் மட்டும் அத்தனை சுலபமல்ல.

இந்த மோசடி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. காலி சைட்டின் சொந்தக்காரர் வெளியூரில் இருப்பார். அவர் பெயரில் வேறு ஒருவரை நிறுத்திப் பவர் பத்திரம் தயாராகும். அந்தப் பவரை வைத்துக் கிரயம், கிரயத்தை வைத்துப் பாங்குக் கடன். உண்மையான சொந்தக்காரர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கும்போதுதான் குட்டு உடைகிறது.

போலீசார் வழக்குப் பதிவு செய்தால் பத்திரத்தில் பெயர் உள்ளவர்கள் வரிசையாக எதிரிகள் ஆகிறார்கள். திட்டம் போட்ட புரோக்கர் முதல் எதிரி என்று வைத்துக்கொள்வோம். ஆள்மாறாட்டம் செய்தவர் இரண்டு, பவர் ஏஜெண்டு மூன்று, பத்திரம் எழுதியவர் நான்கு, சாட்சி ஐந்து. அந்த ஐந்தாவது ஆசாமி ஒரு பெயிண்டராகவோ, லோடுமேனாகவோ, ஆபீஸ் பியூனாகவோ இருப்பார். தெரிந்தவர் கூப்பிட்டார் என்று டீச்செலவுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

எந்தச் சட்டம்?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 420, 467, 468, 471, 120-பி ஆகிய பிரிவுகள் இதற்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), 338, 336(3), 340(2), 61 ஆகியவை பொருந்தும். இவற்றில் பழைய 467, அதாவது புதிய 338, மிகக் கனமானது. ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். ஆகவே கைதானவுடன் ஸ்டேஷனிலேயே ஜாமீன் வாங்கி வீட்டுக்குப் போய்விட முடியாது. பல வழக்குகளில் செஷன்ஸ் கோர்ட்டு, ஐகோர்ட்டு என்று ஏற வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விஷயம் தெரிந்த முதல் எதிரி, கைதாகும் முன்பே முன்ஜாமீன் மனு போட்டுவிடுவார். ஒன்றும் தெரியாத சாட்சியோ, போலீசார் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் தன் பெயர் வழக்கில் இருப்பதை அறிவார்.

ஒருவருக்குக் கிடைத்தால் எல்லோருக்குமா?

"அவருக்கு ஜாமீன் கொடுத்தீர்கள், எனக்கும் கொடுங்கள்" என்று கேட்பதை வக்கீல்கள் 'பாரிட்டி' என்பார்கள். இது நல்ல வாதம்தான். ஆனால் தானாகவே பலித்துவிடாது. குஜராத் கொலை வழக்கு ஒன்றில் 2021-ல் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, ஒரே வழக்கில் இருப்பது மட்டும் போதாது, ஒவ்வொருவரின் பங்கு என்ன என்பதையும் பார்க்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

இந்த அளவுகோல் ஐந்தாவது எதிரிக்குச் சாதகமாகவே அமையக்கூடும். பத்திரங்கள் ஏற்கனவே போலீசார் வசம் உள்ளன. மோசடிப் பணம் இவர் கணக்குக்கு வரவில்லை. பழைய வழக்கு எதுவும் கிடையாது. நிலையான விலாசம் உண்டு. இவை ஜாமீனுக்கு வலுவான காரணங்கள். ஆனால் பதிவாளர் முன் நின்று, "இவர்தான் சொந்தக்காரர், எனக்குத் தெரியும்" என்று அடையாளம் சொல்லியிருந்தால் விஷயம் வேறு. தெரிந்தே சொன்னாரா, ஏமாந்து சொன்னாரா என்ற கேள்வி எழுந்துவிடும்.

பீகார் வழக்கு ஒன்றில் கிரயம் கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி, எழுத்தர், முத்திரைத்தாள் விற்றவர் என ஐந்து பேர் எதிரிகள். பிறர் நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லித் தன் பெயரிலேயே கையெழுத்திட்டால் அது 'பொய் ஆவணம்' தயாரித்தது ஆகாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறி, போர்ஜரி, மோசடிப் பிரிவுகளை ரத்து செய்தது. ஆள்மாறாட்டம் நடந்த வழக்குக்கு இந்தச் சலுகை இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

உள்ளூர் ஜாமீன்தாரர் எங்கே?

ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் சிறைக் கதவு திறக்காத கொடுமை உண்டு. இந்த ஊரில் சொத்து உள்ள ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். வாடகை வீட்டில் குடியிருப்பவர் அதற்கு எங்கே போவார்?

1978-ல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவருக்கு இதே நிலை ஏற்பட்டது. 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட்டு, சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று அவருடைய அண்ணன் தம்பி உறவில் வந்த ஜாமீனையும் ஏற்கவில்லை. வழக்கை விசாரித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், ஒரு மலையாளியோ தமிழரோ தொலைதூர ஊரில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். இப்படிப் பிரித்துப் பார்ப்பது நாட்டு ஒற்றுமைக்கே கேடு என்றும் கண்டித்தார். கொத்தனார் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடுதலையானார்.

2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி சென்றது. ஜாமீன் கிடைத்து 7 நாட்களில் வெளியே வராதவர் பற்றிச் சிறை அதிகாரி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டு தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமானால் அதை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அது யோசனை கூறியது. அதே ஆண்டு ஜூலையில், மோசடி வழக்கு ஜாமீனைப் பணம் வசூலிக்கும் வழியாக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

கவனிக்க வேண்டியவை

காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. ஆயுள் தண்டனை வரை போகும் பிரிவு இருந்தால், காவலில் 90 நாட்கள் கழிந்தும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். ஆனால் உடனே மனு போட வேண்டும். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். ரயில்வே, மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்னொரு அடியும் காத்திருக்கிறது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பெண்டு ஆனதாகக் கருதப்படும்.

சட்டம் ஐந்தாவது எதிரியைக் கைவிடவில்லை. ஆனால் அதன் உதவி வந்து சேர்வதற்குள் வேலையும், பிள்ளைகளின் படிப்பும், ஊரில் பேரும் தடுமாறிவிடுகின்றன. நேரில் நன்கு தெரியாத ஒருவரின் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால், கூப்பிடுபவர் சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும், "முடியாது" என்று சொல்லிவிடுவதே நல்லது. அந்த ஒரு வார்த்தைக்குச் செலவும் இல்லை, ஜாமீனும் தேவையில்லை.