மூட்டைச் சுற்றி ஓடும் ஒழுங்கைகள்

நாம் சம்மணமிட்டு அமர்ந்து உணவருந்துகின்றோம். கிணற்றடியிலே குந்தியிருந்து பாத்திரம் துலக்குகின்றோம். அப்பொழுதெல்லாம் முழங்கால் மடிகிறது. அதன் பின்புறக் குழியினூடாகப் பாதத்துக்குக் குருதி கொண்டு செல்லும் முதன்மை நாடியும் நெருக்குண்ணுகிறது. எனினும் பாதத்துக்கு யாதொரு கேடும் நேர்வதில்லை.

பெருந்தெரு அடைபட்டிருந்தால் நாம் என் செய்வோம்? ஓர் ஒழுங்கையால் இறங்கி, வேறோர் ஒழுங்கையால் மீண்டும் பெருந்தெருவில் ஏறுவோம். இயற்கையும் மூட்டுக்களில் அத்தகைய ஒழுங்கைகளை அமைத்திருக்கின்றது. முழங்காலின் பின்னுள்ள நாடியிலிருந்து ஐந்து சிறு கிளைகள் பிரிகின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவேயுள்ள ஒன்று மூட்டினுள்ளேயே நுழைந்துவிடும். ஏனைய நான்கும் முழங்காற் சில்லைச் சுற்றி வந்து, தொடையிலிருந்து இறங்கும் கிளைகளோடும் கீழ்க்காலிலிருந்து மேலேறும் கிளைகளோடும் கைகோத்து வலையாகின்றன. முழங்கையிலும் ஏறக்குறைய இவ்வாறே.

இச்சிறு கிளைகளை நம்பி ஒருவர் துணிந்த வரலாறு சுவையானது. 1785 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் இலண்டன் புனித ஜோர்ஜ் வைத்தியசாலையில் 45 வயதுடைய குதிரை வண்டிச் சாரதி ஒருவன் கிடந்தான். முழங்காலின் பின்னே அவனுடைய நாடியின் சுவர் நலிந்து, பந்துபோற் புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. வெடித்தால் மரணம். அக்காலத்து வைத்தியர் காலைத் தொடையோடு துண்டிப்பர். அல்லது புடைப்பையே வெட்டித் திறந்து நாடியைக் கட்டுவர். பின்னதிற் பிழைத்தோர் சிலரே. ஜோன் ஹண்டர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் புடைப்பைத் தொடவில்லை. அதற்கு மேலே, தொடையின் நடுப்பகுதியில், நலமாயிருந்த நாடியைத் தேடிப் பிடித்து நூலாற் கட்டினார். மயக்க மருந்து இல்லாத காலம்! அம்மனிதன் பட்ட பாட்டை எழுத எமக்கு மனம் வரவில்லை.

கால் அழுகவில்லை. சிறு கிளைகள் சுமையை ஏற்றுக்கொண்டன, புடைப்பும் சுருங்கியது. ஆறு வாரமளவிற் சாரதி வீடு சென்றான். மீண்டும் வண்டியும் ஓட்டினான். 1787 இல் அவன் காய்ச்சலால் இறந்தபோது ஹண்டர் அக்காலைப் பெற்று ஆராய்ந்தார். புடைப்பு, கோழி முட்டையினுஞ் சற்றே பெரிய கட்டியாய் இறுகிக் கிடந்தது. தொடையில் அவர் நாடியைக் கட்டிய இடம் இன்றும் மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதைக் கேட்டு நாம் நிம்மதியடைந்துவிடலாகாது. சாரதியின் புடைப்பு மெல்ல மெல்ல வளர்ந்தது. ஒழுங்கைகள் அகலிப்பதற்கு அவகாசம் இருந்தது. நாடி திடீரென அறுந்தால் அவ்வவகாசம் ஏது? இரண்டாம் உலகப் போரில் முழங்காலின் பின் நாடியிற் காயமுற்ற அமெரிக்கப் போர்வீரருள் 100 க்கு 70 பேருக்கு மேல் காலை இழந்தனர் என்பது 1946 இல் வெளியான கணக்கு. ஒழுங்கையில் மாட்டுவண்டி போகும், லொறி போகாது. அறுந்த நாடியைத் தைத்து இணைக்கும் முறை கொரியப் போரிலே கைவந்த பின்னரே அவ்விழப்பு வெகுவாகக் குறைந்தது.

முழங்கையின் வலை சற்று வலியது. ஆயினும் பெற்றோர் அங்கேதான் கருத்தூன்ற வேண்டும். மாங்காய்க் காலத்தில் மரத்தால் விழும் பிள்ளை கையை ஊன்றி விழுகிறது. முழங்கைக்குச் சற்று மேலே என்பு முறிகிறது. முறிந்த முனை நாடியைக் குத்தலாம், அழுத்தலாம். சிலவேளை மணிக்கட்டில் நாடித் துடிப்பு அகப்படாது; உள்ளங்கையோ சிவந்து சூடாயிருக்கும். ஒழுங்கைகள் தம் வேலையைச் செய்கின்றன என்பது பொருள். அதையும் வைத்தியர் உடனே பார்த்தேயாக வேண்டும். கை வெளிறிக் குளிர்ந்தாலோ, விரலை நிமிர்த்தும்போது பிள்ளை வீரிட்டு அழுதாலோ, கணமேனும் தாமதிக்கலாகாது. குருதி பெறாத தசை ஏறக்குறைய ஆறு மணி நேரமே தாங்கும்.

வீக்கம் ஏறும் கையை இறுகக் கட்டுவது இன்னுங் கொடிது. அக்கட்டு ஒழுங்கைகளையும் அடைத்துவிடும். தசை மாண்டு, விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிப்போகும் அந்நிலையை ஜெர்மானிய வைத்தியர் வொல்க்மன் 1881 இல் விவரித்தார். யார் போட்ட கட்டாயினும் விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். நகத்தை அழுத்தி விடுங்கள். வெளிறிய நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். பிள்ளை உறங்கினாலும் இரவில் எழுந்து பாருங்கள். சிவக்கவில்லையாயின் கட்டைத் தளர்த்தி, விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.