ஆலையைப் பார்க்கக் கட்டணம்! பீர் இனாம்!

அமெரிக்காவில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம். அங்கே பீர் ஆலைக்குப் போய், பணம் கொடுத்து ஒரு கோப்பை பீர் வாங்க முடியாது. 2017 வரை சட்டம் அப்படி!

காரணம் என்ன?

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அதற்கு முன்பு, ஆலைக்காரர்களே மதுக்கடைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஜனங்களை அதிகமாகக் குடிக்க வைத்தார்கள் என்று புகார். ஆகவே, மதுவிலக்கு நீங்கியதும் புது ஏற்பாடு வந்தது. ஆலைக்காரர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும். அவர் கடைக்காரருக்கு விற்பார். கடையில்தான் ஜனங்கள் வாங்கலாம்.

சிறிய ஆலைகள் திண்டாடின. அவற்றின் பீர் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. ஆலைக்கே தேடி வந்தவருக்கும் விற்க முடியாது!

வேடிக்கைச் சட்டம்

2015-ல் ஒரு சட்டம் வந்தது. ஆலையைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் வாங்கலாம். பார்த்தவருக்கு அங்கேயே குடிக்க 36 அவுன்ஸ், வீட்டுக்கு 72 அவுன்ஸ் பீர் இனாம்!

2017 செப்டம்பர் 1-ந் தேதி இந்த வேடிக்கை முடிந்தது. ஆலையிலேயே நேரடி விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால், வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 288 அவுன்ஸ்தான். அதாவது, 12 அவுன்ஸ் பாட்டில்கள் 24.

வாங்குகிறவருக்கு அலைச்சல் மிச்சம். ஆனாலும், அளவுக் கட்டுப்பாடு உண்டு. 21 வயது நிரம்பாதவருக்கோ, ஆலையிலும் கிடையாது, கடையிலும் கிடையாது.