முட்டை விற்ற காசு எங்கே போகிறது?



வளவில் பத்துக் கோழி நிற்கிறது. தினமும் முட்டை விற்கிறோம். ஆனால் மாத முடிவில் கையில் ஒன்றும் இல்லை. போருக்குப் பின் தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலரிடம் இந்தக் கேள்வி உண்டு. 2009 இன் பின் மீள்குடியேறிய குடும்பங்களுக்குக் கிடைத்த வாழ்வாதார உதவிகளில் கோழியும் ஒன்று. அவற்றில் சில பெருகின. பல ஒன்றிரண்டு வருடத்தில் இல்லாமற் போயின. நோயும் கீரியும் பிராந்தும் காரணம்தான். கணக்கு வைக்காததும் ஒரு காரணம்.

கொப்பியையும் பேனையையும் எடுங்கள். இம்மாதம் திறந்த வளவில் மேயும் கோழிகளின் வரவு செலவைப் பார்ப்போம்.

எந்தக் கோழி?

நமது ஊர்க்கோழி ஒரு தடவையில் பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைக்குக் கிடக்கும். வருடம் முழுவதும் சேர்த்தாலும் ஐம்பது, அறுபது முட்டைதான். ஆனால் செலவு மிகக் குறைவு. கறையான், புழு, புல், குசினியில் மிஞ்சும் சோறு, தேங்காய்ப்பூ ஆகியவற்றோடு வாழ்ந்துவிடும். மேம்படுத்தப்பட்ட கலப்புக் கோழி வாரத்துக்கு நான்கு முட்டை தரக்கூடும். அதற்குத் தீன் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அடைகாக்காது. ஆகவே முட்டைக்குக் கலப்புக் கோழியும், குஞ்சு பொரிக்க ஒன்றிரண்டு ஊர்க்கோழியும் வைத்திருப்பது நல்லது.

விற்பனை முட்டைக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும். குஞ்சு பொரிப்பதற்கு மட்டுமே சேவல் வேண்டும். தேவையற்ற சேவல் தீனைத் தின்னும் வாய்தான்.

நான்கு வாரக் கணக்கு

கீழே உள்ள விலைகள் விளங்கிக் கொள்வதற்காக எடுத்தவை. உங்கள் சந்தை விலையைப் போட்டு மாற்றிக் கொள்ளுங்கள்.

பத்துப் பேடு, வாரம் நான்கு முட்டை வீதம், நான்கு வாரத்தில் 160 முட்டை. பிள்ளைகளுக்கு 20, உடைந்தது காணாமற் போனது 10. மீதி 130 முட்டை, ஒன்று 50 ரூபா வீதம் 6,500 ரூபா. இது வரவு.

இனிச் செலவு:

தீன்: மேய்ச்சலுக்கு மேலதிகமாகக் கோழிக்கு நாளொன்றுக்கு 80 கிராம். பத்துக் கோழிக்கு 28 நாளில் 22.4 கிலோ. கிலோ 160 ரூபா என்றால் ஏறத்தாழ 3,600 ரூபா.
தடுப்பு மருந்து: 150 ரூபா.
சந்தைக்குப் போக்குவரத்து: 250 ரூபா.

மொத்தம் 4,000 ரூபா. கையில் 2,500 ரூபா மிஞ்சும். இதுதான் இலாபம் என்று பலரும் நினைக்கிறோம். இங்கேதான் பிழை.

கோழிக்கு வயது போகும். 1,200 ரூபா வீதம் வாங்கிய பத்துப் பேடுகளின் பெறுமதி 12,000 ரூபா. இருபது மாதத்தில் மாற்றுவதாக வைத்தால் மாதம் 600 ரூபா ஒதுக்க வேண்டும். கூட்டுக்கும் வலைக்கும் 18,000 ரூபா செலவிட்டு அது மூன்று வருடம் நின்றால் மாதம் 500 ரூபா. இந்த 1,100 ரூபாவையும் கழித்தால் உண்மையான இலாபம் 1,400 ரூபா. இதோடு பிள்ளைகள் உண்ட இருபது முட்டையின் பெறுமதி 1,000 ரூபா. அதையும் வரவாக எழுதுங்கள். அது வீணாகவில்லை.

கடன் வாங்கலாமா?

மேலே சொன்ன கோழிக்கும் கூட்டுக்கும் சேர்த்து முதல் 30,000 ரூபா. அதை ஒரு வருடக் கடனாக எடுத்தால், முதலுக்கு மட்டும் மாதம் 2,500 ரூபா கட்ட வேண்டும். கையில் மிஞ்சும் காசு முழுவதும் அதற்கே போய்விடும். வட்டியை எதிலிருந்து கட்டுவது? கூலிக்குப் போய், அல்லது முட்டையிடும் கோழியையே விற்றுத்தான்.

குஞ்சாக வாங்கினால் நிலைமை இன்னும் கடினம். குஞ்சு முட்டையிட ஐந்து, ஆறு மாதம் செல்லும். அதுவரை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 கிலோ தீன் தின்னும். கடன் அறவிடுபவரோ அடுத்த வாரமே படலையில் நிற்பார். கோழியின் காலமும் தவணையின் காலமும் ஒத்துவராது. வாராந்த நுண்கடனில் வடக்கு, கிழக்குப் பெண்கள் பட்ட துன்பம் நாம் அறிந்ததே. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு கடன்களுக்கு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

எனவே மூன்று பேடுகளுடன் தொடங்குங்கள். கூட்டைக் கிடுகாலும் வளவில் உள்ள தடிகளாலும் கட்டுங்கள். முட்டைக் காசிலேயே நான்காவது கோழியை வாங்குங்கள். கடன் தவிர்க்க முடியாவிட்டால் உங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் முதலில் விசாரியுங்கள். முட்டை வரத் தொடங்கிய பின் தவணை தொடங்குமா, மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் கேட்காமல் கையொப்பம் இடாதீர்கள்.

ஒரு நோய், முழு முதலும்

ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் சில நாளிலேயே கூடு வெறுமையாகும். மருந்தால் மாற்ற முடியாது. தடுப்பு மருந்தே வழி. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதும். பத்துக் கோழிக்காக ஒருவர் வாங்கினால் பெரும் பகுதி வீண். கரைத்த மருந்தை வைத்திருந்து பாவிக்கவும் முடியாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து, கால்நடை வைத்தியர் அலுவலகத்தோடு பேசி, ஒரே நாளில் போடுங்கள். செலவு பத்தில் ஒன்றாகும். அயல் வீட்டுக் கோழிக்கும் போட்டால்தான் நமது கோழிக்கும் பாதுகாப்பு. பங்களாதேசத்தில் 1980களிலிருந்து கிராமப் பெண்களே பயிற்சி பெற்று, வீடு வீடாகத் தடுப்பு மருந்து போட்டு, அதிலும் சிறு வருமானம் பெற்றார்கள்.

விலையும் காலமும்

2022 நெருக்கடியில் தீன் தட்டுப்பட்டது. பலர் கோழிகளை விற்றார்கள். அவ்வருடம் ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை விதித்தது. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை வந்தது. விலை நம் கையில் இல்லை. முழுக்கக் கடைத் தீனை நம்பியவருக்கே அடி பலமாக விழுந்தது. தவிடு, குறுணல், முருங்கையிலை, ஈரச் சாணத்தோடு கவிழ்த்து வைத்த முட்டியில் பிடித்த கறையான் ஆகியவற்றால் தீன் செலவைக் குறைக்கலாம்.

நல்லூர்த் திருவிழா, கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் முட்டை தேங்கும். அந்த நேரம் புதிய முட்டைகளை அடைக்கு வையுங்கள். 21 நாளில் குஞ்சு. நத்தார் வரும்போது கேக் செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடனுக்குக் கொடுத்த முட்டையையும் கொப்பியில் எழுதுங்கள்.

மூன்று பேணி

காசு வந்த அன்றே மூன்றாகப் பிரியுங்கள். முதற்பேணி தீனுக்கும் மருந்துக்கும். இரண்டாவது, கோழியையும் கூட்டையும் மாற்றுவதற்கு. மூன்றாவதுதான் வீட்டுச் செலவுக்கு. பிள்ளையின் பாடசாலைச் செலவு என்று மனம் இரண்டாவது பேணிக்குப் போகும். அதில் கை வைத்தால் இருபது மாதத்தின் பின் கூட்டில் கிழட்டுக் கோழிதான் இருக்கும். புதிதாக வாங்க மீண்டும் கடன்காரரிடமே போக வேண்டி வரும்.

இழந்தவை பல. இந்தச் சிறு தொழில் உங்கள் பெயரில் நிற்கிறது. இன்று மாலை கோழி கூடடைந்ததும் முதல் வரியை எழுதுங்கள்: இன்று எத்தனை முட்டை, எவ்வளவு தீன், எவ்வளவு காசு.