குடும்ப வரலாறும் போர்க்கால ஏடுகளும்

குடும்ப வரலாறு ஆராய்தல் பழம்பெருமை பேசுதற்கு மட்டுமன்று. சைவ மரபில் இறந்தார்க்கு ஆண்டுதோறும் திவசஞ் செய்தற்கு, அவர் இறந்த மாதமும் பக்கமும் திதியும் வேண்டப்படும். திதி அறியப்படாதவிடத்து அமாவாசையிற் கடன் கழித்தல் வழக்கம். கொக்குவில் முதலாய யாழ்ப்பாணத்து ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்று, இரண்டாம் உலகப் போரில் மறைந்தார் திறத்தில் இக்குறை பெரிதும் நேர்ந்தது. அதனை நீக்குதற்கு நூல்நிலையங்களும் படைத்துறை ஏடுகளும் எவ்வாறு துணையாகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போட் வெல்டுக்குமிடையே திறக்கப்பட்டது. அக்காலந் தொட்டு ஆங்கிலம் பயின்ற யாழ்ப்பாண இளைஞர் பலர் இலிகிதராயும் புகையிரத நிலைய அதிபராயும் அங்குச் சென்று அமர்ந்தனர். 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, தாயகத்துடனிருந்த கடிதப் போக்குவரவு அற்றது. அவ்வாண்டின் நடுப்பகுதி முதல் 1943 ஒக்டோபர் வரை சீயத்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளமான பாதை அமைக்கப்பட்டது. அதில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் தொகை இதனினும் பன்மடங்கு. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளருட் பெரும்பாலார் தமிழர்.

ஆராய்ச்சி வீட்டிலேயே தொடங்கற்பாலது. காணி உறுதிகள், சீதன உறுதிகள், மலாயாவிலிருந்தோர் ஊரிலுள்ள உறவினர்க்கு எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவங்கள் ஆகியன தந்தை பெயரையும் ஊரையும் ஒருங்கே காட்டும். அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவுநூல் மரபுமுறையையும் திதியையும் தரும். ஆயினும் இரங்கலுரையிற் புகழ்ச்சி கலத்தல் இயல்பாகலின், அதன் செய்தியைப் பிறிதோர் ஏட்டுடன் ஒப்புநோக்கியே கொள்ளல் வேண்டும்.

அடுத்து நாடத்தக்கது நூல்நிலையம். 1889இல் தோன்றிய இந்து சாதனம் போன்ற யாழ்ப்பாணப் பத்திரிகைகளும், மலாயாவில் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகைகளும் நியமனம், இடமாற்றம், மரணம் ஆகிய செய்திகளைத் தாங்கியவை. சிங்கப்பூர்த் தேசிய நூல்நிலையம் அந்நாட்டுப் பழம் பத்திரிகைகளைக் கணினிவழி எவரும் காணுமாறு வைத்துளது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் நினைவு மலர்களையும் 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூல்நிலையம் திரட்டி வருகின்றது.

படையிற் சேர்ந்தார்க்குரிய ஏடுகள் வேறு. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் 1939 செப்டெம்பர் முதல் 1947 டிசெம்பர் ஈறாக மாண்ட படைவீரரின் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றையும், சிலவிடத்துப் பெற்றோர் பெயரையும் தரும். கல்லறை அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோர் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்திற் பொறிக்கப்பட்டுள. கைதிகளுக்கு யப்பானியர் எழுதிய அட்டைகள் இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள. ஆனால் இவையெல்லாம் படைவீரர்க்கு உரியன. பாதை வெட்டிய தொழிலாளரை இவற்றுள் தேடுதல் பயனின்று. ஒருவர் பெயர் பட்டியலில் இன்மை அவர் மாண்டிலர் என்பதற்குச் சான்றாகாது.

தேடுவோரை மயக்குவன இரண்டு. ஒன்று பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் இன்மையால் ஆங்கில இலிகிதர் சிலகாற் தந்தை பெயரையும் சிலகால் தன் பெயரையும் முதன்மையாகக் கொண்டனர். கந்தையா என்னும் ஒரு பெயரே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு வகையாக வரும். ஆகவே இரு பெயரிலும், எல்லா எழுத்து வகையிலும் தேடல் வேண்டும். தந்தை பெயர், ஊர், தொழில் என்னும் மூன்றனுள் இரண்டேனும் பொருந்தாதவழி அவரே இவர் எனத் துணிதல் தகாது. மற்றொன்று நாள். யப்பானிய ஆட்சியில் 1943ஆம் ஆண்டு 2603 என்றும், அவர்தம் அரசர் ஆட்சிக் கணக்கில் 18 என்றும் எழுதப்பட்டது. ஆங்கிலத் திகதி தெளிந்தபின், அவ்வாண்டின் பஞ்சாங்கங்கொண்டு திதியைக் காணலாம். கொக்குவில் சோதிடப்பிரகாச யந்திரசாலையிற் பதிப்பிக்கப்பட்ட இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தின் பழம் பிரதிகள் இதற்குப் பெரிதும் உதவும். ஒரே திகதியில் இரு திதிகள் தொடர்தல் உண்டாகலின், இறந்த நேரம் தெரியாவிடின் முடிவு ஐயத்துக்குரியதே.

ஏடுகளும் அழிவுக்குட்பட்டவையே. முதலாம் உலகப் போரிற் பணியாற்றிய பிரித்தானியப் படைவீரரின் பதிவேடுகளுட் பெரும்பகுதி 1940இல் இலண்டனில் வீழ்ந்த குண்டுகளால் எரிந்தது. யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஓரிடத்தில் மட்டும் உள்ள ஏடு காக்கப்பட்ட ஏடாகாது என்பதே இவ்விரு அழிவுகளும் உணர்த்துவது.

ஆதலின் பெட்டியடியிற் கிடக்கும் உறுதி, கடிதம், கல்வெட்டு, கல்லூரி மலர் ஆகியவற்றைப் படியெடுத்துப் பல இடங்களிற் சேர்த்து வைத்தல் கற்றோர் கடன். முதியோர் உள்ளபோதே அவர்பாற் கேட்டுப் பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதிக்கொள்ளுதல் மாணவர்க்கு எளிதாய பணி. அங்ஙனங் குறித்த ஒரு வரி, எங்கோ மறைந்த ஒருவரின் நாளை அவர் குடிக்கு மீட்டுத் தருதல் கூடும்.