பழைய கைக்கடிகாரம்: அசலா, போலியா?

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு கடிகாரம், சில வேளைகளில் புதியதைவிட அதிக விலைக்குப் போகிறது. விலை ஏறும் பொருளுக்குப் போலியும் தோன்றுவது இயல்பே. ஏமாந்தால் பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். மறுபுறம், அவசரப்பட்டுப் 'போலி' என்று முடிவுகட்டினால், தாத்தா விட்டுச்சென்ற நல்ல கடிகாரத்தையும் மதிப்பற்றதாக எண்ணிவிடுவோம். ஆகவே, சோதிக்கும் முறையை அறிந்திருப்பது நன்மை தரும்.

பழைய கடிகாரங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, செய்யப்பட்டபோது இருந்த பாகங்களுடனே இருப்பது. இரண்டாம் வகை, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களையோ புதிதாகச் செய்த பாகங்களையோ சேர்த்துப் பொருத்தியது. மூன்றாம் வகை, முழுப் போலி. இவற்றுள் இரண்டாம் வகையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதன் பெயரும் இயந்திரமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கமாட்டா.

ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட 6139 வகைக் கடிகாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இது கை அசைவாலேயே இயங்கும். ஓட்டப்பந்தய நேரத்தைக் கணக்கிடவும் உதவும். அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்திற்குச் சென்றபோது இவ்வகைக் கடிகாரம் ஒன்றை அணிந்திருந்தார். அதனால், சேகரிப்போரிடையே இதற்கு நல்ல வரவேற்பு உண்டு. இதற்கெனப் புதிதாகச் செய்யப்பட்ட முகப்புகளும் விற்கப்படுகின்றன.

முதலில், கடிகாரத்தின் பின்மூடியைப் பாருங்கள். அதில் ஆறு இலக்க வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணைக் குறிக்கும். இரண்டாவது மாதத்தைக் குறிக்கும். அந்த எண் 72 என்று தொடங்கினால், ஏழில் முடியும் ஓர் ஆண்டின் பிப்ரவரி மாதம் என்று பொருள். அது எந்த ஆண்டு? 1967இல் இவ்வகை வெளிவரவில்லை. 1987க்குள் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனவே, அது 1977ஆகத்தான் இருக்க முடியும். இரண்டு இலக்கங்களைக் கொண்டே கடிகாரத்தின் 'பிறந்த' மாதத்தை அறிந்துவிட்டோம்!

அடுத்து, முகப்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஆறு மணிக் குறிக்குக் கீழே, விளிம்பில், 6139 என்று தொடங்கும் மிகச் சிறிய எண் இருக்க வேண்டும். எழுத்துகள் கூர்மையாகவும் சீராகவும் இருக்க வேண்டும். மை பரவியிருந்தால் முகப்பு பிற்காலத்தில் அச்சிடப்பட்டிருக்கலாம். சொற்களையும் கவனியுங்கள். தொடக்கக்காலக் கடிகாரங்களில், நீர் புகாது என்பதைக் குறிக்க 'வாட்டர் புரூஃப்' என்று எழுதினர். 1970ஆம் ஆண்டையொட்டி அது 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று மாறியது. வரிசை எண் 1977ஐக் காட்ட, முகப்பில் 'புரூஃப்' என்று இருந்தால், அந்த முகப்பு வேறொரு கடிகாரத்திலிருந்து வந்திருக்கலாம், புதிதாகவும் செய்யப்பட்டிருக்கலாம்.

இருளில் ஒளிரும் பூச்சும் ஒரு சான்றாகும். 1960களில் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட பல கடிகாரங்களில் டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள் பயன்பட்டது. ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் அளவு பாதியாகக் குறையும். 48 ஆண்டுகளில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். எனவே, அக்காலக் கடிகாரம் ஒன்று இன்றும் இரவு முழுவதும் பளிச்சென்று ஒளிர்ந்தால், பூச்சு புதியது என்று ஊகிக்கலாம். முட்களில் உள்ள பூச்சும் முகப்பில் உள்ள பூச்சும் ஒரே நிறத்தில் பழுத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எனினும், கடிகாரத்தை நீங்களே திறக்காதீர்கள். இன்னும் பழைய கடிகாரங்களில் ரேடியம் பூசப்பட்டிருக்கலாம். ஒளி மங்கிய பின்னும் அதன் கதிரியக்கம் நீடிக்கும். உதிரும் தூளைச் சுவாசிப்பது தீங்கானது. இயந்திரத்தில் உள்ள எண்ணைச் சரிபார்க்க, அனுபவமுள்ள கடிகாரம் பழுதுபார்ப்பவரை நாடுங்கள்.

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுக்கு வருவது தவறு. வரிசை எண், முகப்பு, முட்கள், இயந்திரம், தேய்மானம் ஆகிய அனைத்தும் ஒரே காலத்தைச் சுட்டுகின்றனவா என்பதே முதன்மையான கேள்வி. ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்கலாமா?

பாகம் மாற்றப்பட்டதாலேயே ஒரு கடிகாரம் போலியாகிவிடாது. கண்ணாடியும் வாரும் காலப்போக்கில் மாற்ற வேண்டியவையே. பழுதுபார்த்து நாள்தோறும் அணிந்த தாத்தாவின் கடிகாரம், என்றும் தாத்தாவின் கடிகாரந்தான். மாற்றியதை மறைத்து, 'எல்லாம் அசல்' என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. வாங்குபவருக்குக் கூர்ந்த பார்வை வேண்டும். விற்பவருக்கு நேர்மை வேண்டும்.